மந்திரத்துக்கு வேலி கட்டிய சட்டம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

சட்டப் புத்தகம் என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை நிலம், வரி, திருட்டு, தேர்தல் ஆகியவையே. ஆனால் மந்திரம், தாயத்து, கவசம் என்னும் சொற்களும் இந்தியச் சட்டம் ஒன்றில் எழுதப்பட்டுள்ளன. 1954-ஆம் ஆண்டு நம் பாராளுமன்றம் இயற்றிய ‘மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் (ஆட்சேபணைக்குரிய விளம்பரங்கள்) சட்டம்’ என்பதே அது. பெயர் நீளமானது, சட்டமோ சில பக்கங்களே கொண்டது. குடிமையியல் பாடத்தையொட்டி இதைப் படித்தறிந்த நாங்கள், தோழியர்க்கும் பெற்றோர்க்கும் எடுத்துரைக்க விரும்பி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

உலகம் கடந்து வந்த வழி

மந்திரத்தைப் பற்றிச் சட்டம் செய்வது புதிதன்று. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1604-ஆம் ஆண்டுச் சட்டம் சூனியம் செய்தவருக்கு மரண தண்டனை விதித்தது. குற்றஞ் சாட்டப்பட்டவருள் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். அவர்களுள்ளும் முதியவர்கள் பலர். பால் திரிந்தாலும், பிள்ளை நோயுற்றாலும் பழி அவர்கள் தலையில் விழுந்தது. 1735-இல் வந்த புதிய சட்டம் இதைத் தலைகீழாக மாற்றியது. ‘சூனியம் செய்தாள்’ என்று இனி யார்மீதும் வழக்குத் தொடுக்கக் கூடாது. எனக்கு மந்திர சக்தி உண்டு என்று பாசாங்கு செய்து பிறரை ஏமாற்றுபவருக்கே ஓராண்டுச் சிறை என்றது அது.

நம் நாட்டிலும் இந்த எண்ணம் தொடர்ந்தது. ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று முத்திரை குத்துவதையே குற்றமாக்கிப் பீகார் மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றியது. மந்திரம் உண்டா, இல்லையா என்று வாதாடுவதை விட்டுவிட்டு, அதன் பெயரால் மனிதருக்கு நேரும் தீங்கைத் தடுப்பதே சட்டத்தின் வேலையாயிற்று. 1954-ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வழியில் நடப்பதே.

சட்டம் பிறந்த காரணம்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் செய்தித்தாள்களிலும் வார இதழ்களிலும் மருந்து விளம்பரங்கள் மலிந்து கிடந்தன. பெண்களுக்கே உரிய நோய்கள், வெளியே சொல்லக் கூசும் நோய்கள் ஆகியவற்றை உடனே தீர்ப்பதாக அவை வாக்களித்தன. படிப்பறிவு இல்லாதவரும் அப்பாவிகளும் அவற்றை நம்பித் தாமே மருந்து வாங்கி உண்டும், போலி வைத்தியரிடம் சிக்கியும் கெட்டனர். இதைத் தடுக்கவே சட்டம் வேண்டும் என்று அரசு கருதியது. அந்நாளில் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தவர் ராஜகுமாரி அம்ரித் கௌர் அம்மையார். சட்டம் 1955 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் சொல்வது என்ன?

ஒரு சட்டத்தைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது சொற்களுக்குத் தரும் பொருளையே. ‘மந்திர சிகிச்சை’ என்பதற்கு இச்சட்டம் தரும் பொருள் விரிவானது. நோயைக் கண்டறியவோ, தீர்க்கவோ, தணிக்கவோ, தடுக்கவோ அற்புத சக்தி உடையதாகச் சொல்லப்படும் தாயத்து, மந்திரம், கவசம் முதலிய எல்லாம் இதில் அடங்கும். மனிதருக்குச் செய்வது மட்டுமன்று. ஆடு மாடுகளுக்குச் செய்வதும் அடங்கும்.

‘விளம்பரம்’ என்பதற்குத் தரும் பொருள் இன்னும் சுவையானது. அறிவிப்பு, துண்டுப் பிரசுரம், சீட்டு, மேலுறை ஆகியவற்றுடன் வாயால் சொல்லும் அறிவிப்பும், ஒளியாலோ ஒலியாலோ புகையாலோ பரப்பும் அறிவிப்பும் விளம்பரமே என்கிறது சட்டம். தொலைக்காட்சி நம் ஊருக்கு வராத காலத்தில் எழுதிய வரி அது. எனினும் இன்று கைப்பேசியில் ஓடும் படமும் ஒளியும் ஒலியும்தாமே! எழுபது ஆண்டுகளுக்கு முன் தைத்த சட்டை இன்றைக்கும் பொருந்துகிறது.

இனி, தடை எதற்கு என்று பார்ப்போம். சட்டத்தின் 3-ஆம் பிரிவு, குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. ஆங்கில மருந்து, நாட்டு மருந்து என்ற வேறுபாடு இதில் இல்லை. 4-ஆம் பிரிவு, மருந்தைப் பற்றிப் பொய்யான எண்ணம் உண்டாக்கும் விளம்பரத்தைத் தடுக்கிறது. 5-ஆம் பிரிவு, மந்திர சிகிச்சையைத் தொழிலாகக் கொண்டவர் அதே நோய்களுக்காக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. அச்சிட்டுக் கொடுப்பவரும் விளம்பரத்தில் பங்கு கொண்டவராகவே கருதப்படுவார். முதல் முறை குற்றம் செய்தவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறை என்று 1954-இல் தண்டனை விதிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பாட்டி பேரனுக்குத் தாயத்துக் கட்டுவது இச்சட்டப்படி குற்றமன்று. கோடாங்கியிடம் குறி கேட்பதும் குற்றமன்று. கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் நோயாளிக்காக மன்றாடுவதை இச்சட்டம் தொடவே இல்லை. சமய சுதந்திரத்தை நம் அரசியலமைப்பின் 25-ஆம் உறுப்பு காக்கிறது. ‘இந்தத் தாயத்து புற்றுநோயைத் தீர்க்கும்’ என்று ஊருக்கெல்லாம் அறிவித்து ஆள் சேர்ப்பதே குற்றம். அதாவது, நம்பிக்கைக்கு விலங்கு பூட்டாமல், நோயாளியை நோக்கிச் சொல்லப்படும் பொய் வாக்குக்கு மட்டும் இச்சட்டம் வேலி கட்டியது.

உச்ச நீதிமன்றம் திருத்திய இடம்

மருந்து விற்பனையாளர் சிலர் இச்சட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றனர். எங்கள் பேச்சுரிமையைச் சட்டம் பறிக்கிறது என்பது அவர்கள் வாதம். 1959 டிசம்பர் 18 அன்று, ஹம்தர்த் தவாகானா வழக்கு என்று பெயர் பெற்ற அவ்வழக்கில் தீர்ப்பு வந்தது. தடைசெய்யப்பட்ட மருந்தை விற்பதற்காகச் செய்யும் விளம்பரம் வியாபாரத்தின் பகுதி; கருத்தைப் பரப்பும் பேச்சுரிமை அதற்குக் கிடையாது என்று நீதிமன்றம் கூறியது.

ஆனால் அரசு தரப்பிலும் ஒரு குறையைக் கண்டது. எந்தெந்த நோய்கள் தடைக்குள் வரும் என்பதை விதிகள் மூலம் அரசே விருப்பம்போல் சேர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் விட்டிருந்தது. எல்லை காட்டாமல் இவ்வளவு அதிகாரத்தைக் கொடுப்பது கூடாது என்று நீதிமன்றம் அப்பகுதியை நீக்கியது. விளம்பரப் பொருள்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரமும் அளவு கடந்தது என்று தள்ளியது. நல்ல நோக்கத்துக்காகச் செய்த சட்டமே ஆனாலும், எது குற்றம் என்பது குடிமகனுக்கு முன்கூட்டியே தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே இதிலுள்ள பாடம்.

1963-இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நோய்களின் பட்டியலைச் சட்டத்துக்குள்ளேயே வைத்தது. பின்னாளில் ஒரு நோயைச் சேர்க்க வேண்டுமானால் அது இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தது. ஒன்று, காலம் தாழ்த்தாமல் பதிவு பெற்ற மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய். மற்றது, பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட மருந்து இல்லாத நோய்.

ஐம்பத்து நான்கு நோய்கள்

அப்பட்டியலில் 54 பெயர்கள் உள்ளன. புற்றுநோய், நீரிழிவு, காசநோய், தொழுநோய், வலிப்பு, பக்கவாதம், இருதய நோய், கண்புரை, மனநோய் என்று அது நீள்கிறது. இத்துடன் பெண்களின் நோய்கள், மாதவிலக்குக் கோளாறு, பிள்ளையில்லாமை, உடல் பருமன், ஆளின் உயரம் ஆகியவையும் உள்ளன.

உயரம் எப்படி நோயாகும்? உடல் பருமன் புற்றுநோயுடன் ஏன் ஒரே பட்டியலில் நிற்கிறது? இதைப் பற்றி எங்களுக்குள் நெடுநேரம் பேசினோம். கடைசியில் எங்களுக்குப் புலப்பட்டது இதுதான்: பொய் விளம்பரம் மூன்று கதவுகள் வழியே வீட்டுக்குள் நுழைகிறது. புற்றுநோய்க்காரரிடம் அது நிராசையின் வழியே வருகிறது. வலிப்பு கண்ட குழந்தையின் தாயிடம் அவசரத்தின் வழியே வருகிறது. எங்களைப் போன்ற பெண்களிடம் கூச்சத்தின் வழியே வருகிறது. குள்ளம், குண்டு என்ற கேலிக்கு அஞ்சுகிறவளும், மாதந்தோறும் வலியால் துடித்தும் தாயிடம் சொல்லத் தயங்குகிறவளும் சுவரில் ஒட்டிய காகிதத்தை வாசிப்பாள். கைப்பேசியில் வந்ததை நம்புவாள். எவரிடமும் சொல்லாத நோய்தான் போலி வைத்தியரின் முதலீடு.

மதுரை நகரப் பேருந்து நிலையங்களின் சுவர்களையும், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் செல்லும் சாலையோரங்களையும் சற்றே கவனியுங்கள். ‘இரகசியம் காக்கப்படும்’ என்னும் வாசகம் அங்கே அடிக்கடி கண்ணில் படும். அது வாக்குறுதி போலத் தோன்றினாலும், ‘யாரிடமும் கேட்காதே’ என்னும் எச்சரிக்கையும் அதனுள் மறைந்திருக்கிறது.

அந்தப் பட்டியல் நம்பிக்கையும் தருகிறது. பெரியம்மை என்று ஒரு பெயர் அதில் உள்ளது. இந்தியாவில் அந்நோய் கடைசியாகக் கண்டது 1975-இல். 1980-இல் உலகிலிருந்தே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இளம்பிள்ளை வாதமும் பட்டியலில் உள்ளது. 2014 மார்ச் மாதம் நம் நாடு போலியோ அற்ற நாடு என்ற சான்று பெற்றது. இவ்விரண்டையும் வென்றவை தடுப்பு மருந்துகளே. கண்புரைக்கு வருவோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, எண்ணற்ற ஏழைகளுக்கு அறுவை சிகிச்சையால் பார்வையை மீட்டுத் தந்துள்ளது. காசநோய்க்கு மதுரையை அடுத்த தோப்பூரிலேயே அரசு மருத்துவமனை உண்டு. வாசலில் வைத்தியம் இருக்க, வழியில் கட்டிய கயிறு எதற்கு?

பலிப்பது போல் தோன்றுவது ஏன்?

‘மந்திரித்தால் குணமாகிறதே, நாங்களே கண்டிருக்கிறோம்’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. கண்டது உண்மை, காரணம்தான் வேறு.

நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவை நஞ்சற்றவை. நஞ்சுள்ள பாம்பு கடித்தாலும் சில வேளை நஞ்சு இறங்குவதில்லை. அப்படிக் கடிபட்டவருக்கு மந்திரம் சொன்னாலும் பிழைப்பார், சொல்லாவிட்டாலும் பிழைப்பார். புகழ் மட்டும் மந்திரித்தவருக்குப் போய்ச் சேரும். தண்ணீரால் பரவும் மஞ்சள் காமாலையும் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணிவது. வலிப்பும் பல வேளைகளில் சில நிமிடங்களில் தானே நிற்கும். கையில் கொடுத்த இரும்புச் சாவிக்கு அதில் பங்கில்லை. வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், அருகில் இருப்பதே சரியான முதலுதவி. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பிழைத்தவர் வந்து கதை சொல்வார். பிழைக்காதவர் வந்து சொல்வதில்லை. மந்திரத்தின் புகழ் வளர்வது இந்தக் கணக்கினால்தான்.

வேலியில் உள்ள இடைவெளிகள்

இச்சட்டம் குறையற்றது என்று நாங்கள் கூற வரவில்லை. 54 பெயர்களில் பாம்புக்கடி இல்லை, நாய்க்கடி இல்லை, மஞ்சள் காமாலையும் இல்லை. நம் மதுரைச் சீமைக் கிராமங்களில் மந்திரிப்பவரை நாடிப் போவது பெரும்பாலும் இவற்றுக்கே அன்றோ! வெறிநாய்க் கடியால் வரும் நோய் ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால் ஏறக்குறைய எவரும் பிழைப்பதில்லை. கடித்தவுடன் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி தொடங்க வேண்டும். பாம்புக்கடிக்கு நஞ்சு முறிவு மருந்து ஒன்றே மருந்து. அதைத் தயாரிப்பதற்கு வேண்டிய நஞ்சைச் செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில், 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தருகிறது என்பது நமக்குப் பெருமை.

இந்த இடைவெளியை மகாராஷ்டிரம் கண்டுகொண்டது. மூடநம்பிக்கையை எதிர்த்துப் பாடுபட்ட டாக்டர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்த சட்டம் அவ்வாண்டே வந்தது. நாய், பாம்பு, தேள் கடித்தவரை மருத்துவரிடம் போகவிடாமல் தடுத்து மந்திர தந்திரம் செய்வது அங்கே குற்றம். கர்நாடகமும் 2017-இல் இத்தகைய சட்டத்தை இயற்றியது.

மற்றோர் இடைவெளி, விளம்பரமே இல்லாமல் வாய்வழியாகப் பரவும் நம்பிக்கை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. அங்கே இருந்தவர்கள் குணம் வேண்டி உறவினரால் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மடிந்தனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர் அல்லர். எங்கே போவது என்று அறியாதவர்கள். மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகத் தடுத்துள்ளது.

1954-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் வலுப்படுத்த முயற்சிகள் நடந்துள்ளன. நோய்களின் எண்ணிக்கையை 78 ஆக்கவும், தண்டனையை உயர்த்தவும் 2020 பிப்ரவரியில் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டது. 2025 மார்ச்சில், இத்தகைய விளம்பரங்களைப் பற்றி மக்கள் புகார் செய்ய வழி அமைக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

நம் கடமை

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில், நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என்னும் நால்வகையே மருத்துவம் என்கிறார். நம் திருமறையில் சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம், நோயுற்றவர் இறைவனை வேண்டவும் மருத்துவருக்கு இடம் தரவும் ஒருசேரக் கூறுகிறது. மன்றாட்டும் மருந்தும் பகையல்ல. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே நம் அரசியலமைப்பும் விதித்துள்ளது.

வள்ளுவர் கூறிய நால்வரில் மருத்துவராக எங்களுக்கு இன்னும் பல ஆண்டுகள் ஆகும். ஆனால் அருகிலிருந்து கவனிப்பவராக இன்றே ஆகலாம். வயிற்றுவலி என்று வகுப்பில் தலைகவிழ்ந்து கிடக்கும் தோழியிடம் ‘என்ன செய்கிறது?’ என்று கேட்கலாம். அவளைத் தாயிடமோ, ஆசிரியையிடமோ, அருட்சகோதரியிடமோ அழைத்துச் செல்லலாம். கிராமத்தில் நாய் கடித்த தம்பியை மந்திரிக்க அழைத்துப் போகும் அப்பத்தாவிடம், ‘முதலில் ஊசி போட்டுவிட்டு வருவோம், அப்பத்தா, பிறகு நீங்கள் விரும்பியபடி செய்யுங்கள்’ என்று பணிவோடு சொல்லலாம். அவரை எள்ளி நகையாடினால் நம் சொல் காதில் ஏறாது. அவருடைய அன்பை மதித்துப் பேசினால் ஏறும்.

பெற்றோரிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உடலைப் பற்றி நாங்கள் கேட்கும் கேள்விகளுக்கு ‘அதெல்லாம் பேசக் கூடாது’ என்று வாயை அடைத்துவிடாதீர்கள். வீட்டில் விடை கிடைக்காத கேள்விக்குச் சுவர் விடை சொல்லும். சட்டம் சுவரில் உள்ள காகிதத்தைக் கிழிக்கலாம். ஆனால் மகளின் கூச்சத்தைக் களைய ஒரு தாயால்தான் முடியும்.